ஒரே ஒரு சேனலில் மட்டும்

ஆளே இல்லாத குளிர்கிடங்கில் ஆள் நடமாட்டத்தைப் பதியும் ரீடர் யாரையோ கண்டு 'பீப்' என்றது. எல்லோரும் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள். மேலே குளிரூட்டிகளின் ஓயாத முனகல், உறைந்த மீனும் நனைந்த அட்டையும் கலந்த வாடை, இரும்பு அடுக்குகளுக்கு நடுவே நீண்டு கிடந்த நிழல்கள், அத்தனையையும் தாண்டி அந்தச் சின்னச் சத்தம் ரீடர்களைச் சரிசெய்ய வந்தவளின் காதில் ஊசியாக இறங்கியது.

ரீடர் ஓர் அலைவரிசையில் நிற்காது. சேனல் விட்டுச் சேனல் தாவி, ஊழியர்களின் கோட்டுக் காலரில் தைத்திருக்கும் அடையாள டேக்குகளைத் தேடும். டேக்கில் பேட்டரி கிடையாது. ரீடரின் அலை தொட்டால்தான் பதில் சொல்லும். இப்போது பதில் சொன்ன டேக் மற்ற சேனல்களில் எல்லாம் ஊமை. ஒன்றில் மட்டும் வாய் திறந்தது.

திரையில் அதற்குரிய ஊழியரின் படம் வந்தது. ஒரு பக்கமாக ஏறிய சிரிப்பு. அவளுடைய அண்ணன்.

இங்கே வேலைக்கு வந்தவன் ஒருநாள் வீடு திரும்பவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவிட்டான் என்று மேலாளர் சாதித்துவிட்டார். அதனால்தான் இந்த வேலையை அவள் கேட்டு வாங்கினாள். தான் யார் என்று இங்கே மூச்சு விடவில்லை.

"அந்தச் சேனல்ல எப்பவும் தப்பாத்தாம்மா வருது," வாசலில் மேலாளர் நின்றிருந்தார். "அதைத் தூக்கிடுங்க. உங்களைக் கூப்பிட்டதே அதுக்குத்தான்."

"டேக் இல்லாம பீப் வராது சார்."

"பழைய கோட்டு எங்கயாவது கெடக்கும்."

"எடுத்துக் காட்டுங்க. அதுவரைக்கும் தூக்க மாட்டேன்."

தாவலை நிறுத்தி, ரீடரை அந்த ஒரே சேனலில் பூட்டினாள். நீண்ட கம்பியால் ரீடரோடு இணைந்த ஆன்டெனாவைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள். அடுக்குகளுக்கு அருகே சிக்னல் மெலிந்தது. புதிதாகத் தகடு அடித்த பின்சுவரை நெருங்க நெருங்க ஏறியது.

"அங்க போகாதீங்க!"

"அவன் என் அண்ணன்."

மேலாளரின் முகம் வெளிறிப்போயிற்று. "யம்மா... அதை அணைச்சிடு. உன் கால்ல விழறேன்."

"ஏன், அணைக்கலேன்னா வெளிய வந்துடுவானா?"

அவர் வாசல் நிலையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

ஆன்டெனா சுவரைத் தொட்டதும் சிக்னல் சட்டென்று விழுந்தது. ஒன்றுமில்லை. குளிரூட்டிகளும் ஓய்ந்தன.

பீப்.

இம்முறை கத்தியது வாசலில் பொருத்திய ஆன்டெனா. மேலாளரின் தலைக்கு மேலே.

பீப். பீப்.

அவருக்குப் பின்னால் யாரும் இல்லை. பிளாஸ்டிக் திரை மட்டும் விலகியிருந்தது, ஓர் ஆள் அகலத்துக்கு.

"அணை..." என்றார் மேலாளர்.

அவள் விரல் ஆன்டெனாப் பிடியில் ரீடரை அணைக்கும் பட்டன் மேல் இருந்தது. எடுத்துவிட்டாள்.

"மாட்டேன்."

அவர் சட்டைத் தோளில் உறைபனி பூத்தது. ஒரு விரலின் தடம். இன்னொன்று. இரண்டு கைகள்.

மெல்ல, மிக மெல்ல, மேலாளரின் காலணிகள் தரையை விட்டு எழும்பின.