சுவரைப் பார்க்கும் மிஸ்

கர்நாடகத்துச் சிர்சியில் மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. ஐந்தாம் வகுப்பில் ஆங்கிலப் பாடம். புதிதாக வந்த சுனந்தா மிஸ் யாருடைய முகத்தையும் பார்க்கமாட்டார். பிள்ளைகளின் தலைக்கு மேலே, பின்சுவரையே பார்த்துப் பாடம் நடத்துவார்.

அந்தச் சுவரை ஒட்டிய கடைசி பெஞ்சில்தான் தன்மயி உட்கார்ந்திருந்தாள்.

"அங்க ஏதோ இருக்கு," என்று கிசுகிசுத்தான் பக்கத்திலிருந்த நிங்கப்பா. "மிஸ் கண்ணுக்கு மட்டும் தெரியுது."

"சும்மா இருடா. அது பல்லி."

"பல்லிக்கு யாராவது இங்கிலீஷ் சொல்லித் தருவாங்களா?"

தன்மயிக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் முதுகு சில்லிட்டது. அதன்பிறகு பாடம் எதுவும் அவள் காதில் ஏறவில்லை. மிஸ் கேள்வி கேட்டால் வகுப்பே வாய்மூடி இருக்கும். சுவரிடம் கேட்ட கேள்விக்கு யார் பதில் சொல்வது?

மறுநாள் மதியம், மறந்துவிட்ட சாப்பாட்டுத் தட்டை எடுக்க வகுப்புக்கு ஓடினாள் தன்மயி. உள்ளே யாரோ முணுமுணுக்கும் சத்தம்! கதவிடுக்கில் எட்டிப் பார்த்தாள்.

காலி பெஞ்சுகளுக்கு முன்னால் மிஸ் மட்டும் நின்றிருந்தார்.

"குட் ஆஃப்டர்நூன், சில்ட்ரன்." குரல் உடைந்தது. நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "கடவுளே, இன்னைக்காவது அவங்க முகத்தப் பாத்துப் பேசணும்."

மிஸ்ஸுக்கா பயம்? அதுவும் நம்மைப் பார்த்தா?

நிங்கப்பாவிடம் சொன்னால் சாயங்காலத்துக்குள் பள்ளிக்கூடமே சிரிக்கும். தன்மயி யாரிடமும் மூச்சுவிடவில்லை.

வகுப்பு தொடங்கியது. மிஸ்ஸின் கண்கள் மறுபடி சுவருக்கே போயின.

"வாட் டிட் யூ ஈட் டுடே?"

தன்மயி யோசித்தாள். தப்பாகச் சொன்னால் எல்லாரும் சிரிப்பார்களே! பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"மிஸ்... என்னப் பாருங்க. நான் சொல்றேன்."

மிஸ்ஸின் பார்வை மெல்லக் கீழே இறங்கியது. பயந்த இரண்டு கண்கள். தன்மயி சிரித்தாள்.

"ஐ... ஈட் நீர்தோசை."

"ஐ எய்ட் நீர்தோசை," என்று மென்மையாகத் திருத்தினார் மிஸ். அவர் பார்வை அவளை விட்டு நகரவில்லை.

"எய்ட்டா?" நிங்கப்பா அலறினான். "ஏய், எட்டு தோசையா தின்ன?"

வகுப்பே சிரித்தது. மிஸ்ஸும் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கடைசியில் அவர் பார்வை நிங்கப்பாவிடம் வந்து நின்றது.

"யூ?"

தலையைச் சொறிந்துகொண்டு எழுந்தான் நிங்கப்பா.

"மிஸ், என்னையே பாத்துட்டு இருங்க. யோசிச்சுச் சொல்றேன்."