காற்றில்லாத குரல்

பிரேக்கரை மூடி, புது லைனில் மின்சாரம் ஏறி, மீட்டர் முள் சமர்த்தாக மேலே நகரத் தொடங்கிய பிறகுதான் அவருக்கு அது உறைத்தது. மச்சினன் போனில் பேசியபோது காற்றுச் சத்தமே இல்லை.

அந்த மலைமேல் காற்று ஓய்ந்து யாரும் பார்த்ததில்லை. அதனால்தான் அங்கே காற்றாலைகளை வரிசையாக நட்டார்கள். அவை தரும் மின்சாரத்தைப் பழைய கம்பி தாங்காது என்று, கோடை முழுக்க, எத்தனையோ லைன்மேன்களைக் காவுவாங்கிய அதே கிழட்டு டவர்களில் கனத்த புதுக் கம்பியை இழுத்துக் கட்டினார்கள். தினமும் மனைவியின் தம்பி உச்சியிலிருந்து பேசும்போது, போனுக்குள் யாரோ புதுத்துணியைக் கிழிப்பது போல இரைச்சல் கேட்கும். பாதி வார்த்தை காற்றோடு போகும். மீதிப் பாதியில் நக்கல் இருக்கும். "என்ன மாமா, ஏசி ரூம்ல தூக்கம் நல்லா வருதா?"

இன்று நக்கலும் இல்லை. மூடிய அறைக்குள்ளிருந்து காதோரம் சொன்னது போல அத்தனை தெளிவு. "மாமா, நாங்க எல்லாரும் இறங்கிட்டோம். எர்த் கழட்டியாச்சு. லைன் குடுங்க."

விதிப்படி அந்தக் குரலை மட்டும் வைத்து அவர் சுவிட்சைத் தொட்டிருக்கக் கூடாது. வேலை முடிந்ததும் மேஸ்திரியான மச்சினன் தன் ஆட்களோடு துணைமின் நிலையத்துக்கு நேரில் வந்து, லைனில் யாரும் இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். ஷிஃப்ட் பொறுப்பாளரான அவர் அதைப் பார்த்த பிறகுதான் லைன் கொடுக்கலாம். ஆனால் மலைப்பாதையில் சுற்றி இறங்க நேரமாகும். தலைமை அலுவலகமோ, "காத்தாடியெல்லாம் சும்மா நிக்குது, நீங்க அங்க என்னதான் பண்றீங்க?" என்று மதியத்திலிருந்து உயிரை எடுத்தது. வீட்டு ஆள்தானே என்று போனிலேயே சொல்லிவிட்டு, கையெழுத்தை மறுநாள் போட்டுக்கொள்வது மாமனுக்கும் மச்சினனுக்கும் பழகிப்போயிருந்தது.

மனைவி கூப்பிட்டாள். "என்னங்க, தம்பி கிளம்பிட்டானா? போனே எடுக்க மாட்டேங்கிறான்."

"இறங்கிட்டேன்னு அவனே சொன்னான்."

"உங்களை நம்பித்தான் அந்த வேலைக்கு அனுப்பினேன்."

"ஆமா, உன் தம்பி பால் குடிக்கிற குழந்தை பாரு!" போனை வைத்துவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து இதே பாட்டு. தம்பி சாப்பிட்டானா, தம்பி தூங்கினானா. தான் சாப்பிட்டதை யார் கேட்டார்கள்?

சாயங்கால வெயில் மஞ்சளாகி முற்றத்து ஜல்லிமேல் சாய்ந்திருந்தது. டிரான்ஸ்பார்மர்களின் ரீங்காரம் இருபது வருடமாகக் கேட்ட ரீங்காரம்தான். ஆனால் இன்று அதற்கு அடியில் இன்னொன்று, பலபேர் வாயைத் திறக்காமல் முனகுவது போல, ஜன்னல் கண்ணாடியில் லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது. ஈரத் துணிமேல் இஸ்திரிப் பெட்டியை வைத்து மறந்துபோன வாசனை எங்கிருந்தோ வந்தது. கை ரோமம் குத்திட்டு நின்றது.

வேன் வந்தது. ஆட்கள் திபுதிபுவென்று உள்ளே வந்தார்கள். முன்னால் வந்தவர் மூத்த லைன்மேன். எல்லாரும் அவரை மீசை என்றுதான் கூப்பிடுவார்கள்.

"சார், பெரிய ஸ்பானர் இருக்கா? கடைசி டவர்ல எர்த் கிளாம்ப் இறுகிக்கிச்சு."

"எங்க என் மச்சினன்?"

"மேலதான் இருக்கார். ஏறி இறங்க இடுப்பு ஒத்துக்காது, நீங்க போய் எடுத்துட்டு வாங்கன்னு கம்பிப் பக்கத்துலேயே உக்காந்துட்டார்." மீசை ஒரு செல்போனை மேஜைமேல் வைத்தார். "கீழ விழுந்துடும்னு இதையும் என்கிட்ட குடுத்துட்டார். உங்க வீட்டம்மா ரொம்ப நேரமா கூப்பிடறாங்க."

"அவன் எனக்குப் போன் பண்ணினானே!"

"எதை வச்சு சார் பண்ணுவார்?"

அப்போதுதான் மீசையின் கண் மீட்டரில் விழுந்தது. அவர் முகம் வெளுத்தது.

எர்த் என்பது கம்பியை மண்ணோடு கட்டிப்போடும் காவல். அது மாட்டியிருக்கும்போது லைன் கொடுத்தால் பிரேக்கர் அந்த நொடியே தானாக விழுந்துவிடும். விழவில்லை. அப்படியானால் கழற்றிவிட்டான். கழற்றிவிட்டு இறங்கியிருப்பான். இறங்கியிருக்க வேண்டும். அந்த நினைப்பைப் பிடித்துக்கொண்டே, லைனை எடுக்க, சுவிட்சைத் திருப்பினார்.

வெளியே பிரேக்கர் வெடிச் சத்தத்தோடு திறந்தது. முள் பூஜ்யத்துக்கு விழுந்தது.

பிறகு, ஏறியது.

மேஜை போன் அடித்தது.

"எதுக்கு மாமா லைனை எடுத்தீங்க? நாங்கதான் இறங்கிட்டோமே."

நாங்க? அவன் ஆட்கள் அத்தனை பேரும் இதோ, இங்கே, அவர் முன்னால்.

"டேய்... எங்கடா இருக்கே?"

"வந்துட்டோம்."

மீசை ஜன்னலைக் காட்டினார். மலையிலிருந்து வரும் கம்பிகள் முற்றத்தில் வந்து சேரும் உயரமான இரும்புச் சட்டம். அதில் ஒருவன் இறங்கிக்கொண்டிருந்தான். நீலச் சட்டை. இடுப்பில் பெல்ட்.

அவனேதான். கடவுளே, அவனேதான். வாசலுக்கு ஓடினார். மீசை அவர் கையை இறுகப் பிடித்தார்.

"போகாதீங்க சார். அவர் பாதை வழியா வரல."

புதுக் கம்பி தாழ்ந்திருந்தது. முற்றத்திலிருந்து முதல் டவர் வரை. அங்கிருந்து அடுத்தது. மலை வரை. பாரம் தாங்காமல்.

மேஜைமேல் அவன் செல்போன் அதிர்ந்தது. திரையில் 'அக்கா' என்றிருந்தது. அவர் கை தானாக எடுத்தது.

"டேய் தம்பி! எங்கடா போனே?"

"நான்தான்," என்றார். "வந்துட்டான்."

"அப்பாடா. இப்பத்தான் உயிரே வந்துச்சு. அவன்கிட்ட குடுங்க."

வெளியே அவன் ஜல்லியில் கால் வைத்தான். இந்தப் பக்கம் பார்க்கவில்லை. திரும்பி, அண்ணாந்து, குழந்தையை வாங்குவது போல இரண்டு கைகளையும் மேலே நீட்டினான்.

கரிந்த பாதம் ஒன்று அவன் தோளைத் தேடி இறங்கியது.