உலையின் குளிர்ந்த முனை

அம்மாவின் ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு ஒரே ஒரு வேலைதான் கொடுத்திருந்தார்கள். வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பது. வீட்டில் அவளை எல்லோரும் ‘வாயாடி’ என்றுதான் கூப்பிடுவார்கள். எனவே அது கொஞ்சம் கடினமான வேலை.

தடித்த கண்ணாடித் தடுப்புக்கு வெளியே முக்காலியில் இருந்தாள். உள்ளே உலை. அதற்குள் நீளமான கண்ணாடிக் குழாய். குழாயின் நடுவில் கருப்புப் பொடி.

“இதுவா செம்பு? கரியாட்டம் இருக்கேம்மா!”

“ஆக்சிஜன் ஒட்டிக்கிட்டதால கருப்பா இருக்கு. ஒரு முனையில ஹைட்ரஜனை விடுறோம். அது ஆக்சிஜனைக் கையோட கூட்டிக்கிட்டு, நீராவியா மறுமுனை வழியா போயிடும். செம்பு மட்டும் மிஞ்சும்.”

சூடு அதிகமானால் வேலை சட்டென்று முடியும். ஆனால் பொடி ஒட்டிக்கொண்டு கட்டியாகிவிடும். போன இரண்டு முறையும் அப்படித்தான் ஆனது. அம்மாவுக்கு மாவு போன்ற செம்புப் பொடி வேண்டும். அதனால் இந்த முறை சூட்டைக் குறைத்து வைத்திருந்தார்.

ஆய்வுக்கூடத் தலைவருக்கு எதிலும் அவசரம். டீயைக்கூட நின்றுகொண்டேதான் குடிப்பார். உலையில் இருந்த துளை வழியே பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

“காலையிலேர்ந்து அப்படியே கருப்பாத்தானேம்மா கெடக்கு? சூட்டை ஏத்துங்க. முடிச்சிட்டு வீட்டுக்குப் போவோம்.”

“கட்டியாயிடும் சார்.”

“ஒண்ணுமே நடக்காததுக்கு அது தேவலாம்!”

அவர் கை பொத்தானை நோக்கிப் போனது.

வீடு என்றதும் வாயாடிக்கு ஆசை வந்தது. புதுச் சைக்கிள் காத்திருந்தது. ஆனால் அம்மாவின் முகம் சுருங்கிவிட்டதே!

எல்லோரும் உலையையே பார்த்தார்கள். அவளுக்கு எதிரே இருந்ததோ, உலைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த குழாயின் குளிர்ந்த முனை.

“மாமா, நில்லுங்க! அந்த முனையில தண்ணி நிக்குது.”

“உன் மூச்சு பட்டிருக்கும் பாப்பா.”

“என் மூச்சு தடுப்பைத் தாண்டியா போகும்? அம்மா, துடைச்சுப் பாருங்க.”

அம்மா துணியால் துடைத்தார். துளி அசையவில்லை. அது குழாய்க்கு உள்ளே இருந்தது.

“பொடி ஈரமா இருந்திருக்கும்” என்றார் தலைவர்.

“நல்லா காய வெச்சுத்தான் போட்டேன் சார்.”

“அப்போ ஒண்ணுமே நடக்கலைன்னா, தண்ணி எங்கேர்ந்து வந்துச்சு?” என்று கேட்டாள் வாயாடி.

இன்னொரு துளி திரண்டது. பழைய துளியோடு சேர்ந்து வழிந்தது.

அம்மா சிரித்துவிட்டார். “பொடி, ஹைட்ரஜன் நுழையிற பக்கத்துலேர்ந்து செம்பா மாறிக்கிட்டு வருது சார். துளை வழியா நமக்குத் தெரியறது கடைசிப் பக்கம்தான்.”

தலைவரின் கை கீழே இறங்கியது. ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வாயாடி பக்கத்தில் உட்கார்ந்தார். இருவரும் துளிகளை வேடிக்கை பார்த்தார்கள்.

சாயங்காலம் துளிகள் வருவது நின்றது. துளைக்குள் கருப்பு இல்லை, செம்பு நிறம். அம்மா உலையை அணைத்துவிட்டுக் குழாயை மெல்லத் தட்டினார். பொடி மாவுபோலச் சரிந்தது.

“திறந்து காட்டுங்கம்மா!” என்று குதித்தாள் வாயாடி.

“சூட்டோட காத்துப் பட்டா மறுபடி கருத்துடும்” என்றார் தலைவர், உட்கார்ந்தபடியே டீயை உறிஞ்சிக்கொண்டு. “எதுக்கு இவ்ளோ அவசரம் பாப்பா? ஆறட்டும்.”