எட்டாக மடித்த கடிதம்

வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்குப் பள்ளி நூலகத்தில் இருந்தவர்கள் நான்கு பேர். ஜன்னல் ஓரம் கணக்கு டீச்சர். அவருக்கு எதிரே, கால் நீட்ட இடம் வேண்டும் என்பதால் மேசையின் அகலமான பக்கத்தில், ஏழாம் வகுப்பு நெட்டை. அவனுக்கு வலது கைப்பக்கம், எப்போதும் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கும் கண்ணாடி. கதவுப் பக்கம், ஒரு கால் குட்டையான நாற்காலியில், ஐந்தாம் வகுப்பு ரப்பர்.

ரப்பர் எதையும் இரண்டு முறை எழுதி அழித்துவிட்டு மூன்றாம் முறைதான் எழுதுவாள். அதனால் வந்த பெயர் அது. கணக்குக் கேள்விகளுக்குப் பதில் எழுதும் இந்தக் குழுவில் அவளுக்கு இது முதல் வாரம். வீட்டில்கூட இன்னும் சொல்லவில்லை.

மேசை நடுவில் கணக்குப் பெட்டி இருந்தது. பிள்ளைகளும் பெற்றோரும் அன்றாடக் கணக்கில் எது புரியாவிட்டாலும் எழுதி அதில் போடலாம். பெயர் எழுத வேண்டாம். பள்ளி வாசலில் வாட்ச்மேன் அண்ணனிடம் ஒரு எண் சீட்டு வாங்கி, அந்த எண்ணைக் கடிதத்தில் எழுதினால் போதும். பிரித்துப் படிப்பவர்தான் பதிலும் எழுத வேண்டும். கேள்வியும் பதிலும் திங்கட்கிழமை அறிவிப்புப் பலகையில் தொங்கும்.

நெட்டை முதல் கடிதத்தைப் படித்தான். "நான் பிறந்தப்போ என் அக்காவுக்கு ஆறு வயசு. நான் எப்போ அவளைவிடப் பெரியவன் ஆவேன்?"

"பாவம்" என்றாள் கண்ணாடி.

"ஒருநாளும் ஆக மாட்டாய். ஆனால் உயரத்தில் முந்தலாம். பால் குடி" என்று நெட்டை பதில் எழுதினான். டீச்சர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

அடுத்தது ரப்பரின் முறை. பெட்டிக்குள் கைவிட்டாள். விரலில் பட்டது ஒரு தடித்த, குட்டிச் சதுரம். எடுத்துப் பார்த்தாள். எட்டாக மடித்த தாள். ஓரங்கள் நான்கும் ஒன்றின்மேல் ஒன்று மயிரிழை விலகாமல் உட்கார்ந்திருந்தன.

 இப்படி மடிக்க ஊரில் ஒருவருக்குத்தான் வரும். அவர் அவளுடைய அப்பா. புத்தகம் பைண்டிங் செய்பவர்.

"படி" என்றான் நெட்டை.

ரப்பர் படித்தாள். குரல் மெல்ல வந்தது.

"எண் முப்பத்தொன்று. வணக்கம். நாலில் ஒரு பாகம் பெரிதா, எட்டில் ஒரு பாகம் பெரிதா என்று என் மகள் கேட்டாள். எட்டில் ஒன்று என்று சொன்னேன். அதையே பரீட்சையில் எழுதித் தப்பு வாங்கிவிட்டாள். அதிலிருந்து என்னிடம் கணக்கு கேட்பதில்லை. தாளை எட்டாக மடித்தால்தானே கனமாக இருக்கிறது? நான் எங்கே தவறினேன் என்று சொன்னால், அவளிடம் போய்ச் சரியாகச் சொல்வேன்."

நெட்டை மேசையில் தட்டிச் சிரித்தான். "எட்டு பெரிசுன்னா எட்டில் ஒண்ணும் பெரிசா? இதுகூடத் தெரியாமலா ஒரு அப்பா இருப்பாரு?"

ரப்பரின் காது சுட்டது. பரீட்சை விடைத்தாள் வந்த அன்று அவளும் இதே மாதிரிதான் பேசினாள். விடைத்தாளை அப்பாவின் முன்னால் போட்டு, "உங்களுக்குக் கணக்கு வராதுப்பா. இனிமே மாடி வீட்டு அக்காகிட்டயே கேட்டுக்கறேன்" என்றாள்.  அப்பா கையிலிருந்த பசைத் தூரிகையைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார். தினமும் வீட்டுப்பாட நேரத்தில் எதிரே வந்து உட்காருகிறவர், மறுநாளிலிருந்து வரவில்லை.

அவள் கடிதத்தை மறுபடி எட்டாக மடித்தாள். விரல்களுக்கு நடுவே வைத்து அழுத்தினாள். கனமாகத்தான் இருந்தது. பிறகு ஒரு மடிப்பைப் பிரித்து நாலாக்கினாள். மெலிந்துவிட்டது.

"அவரு சும்மா சொல்லலை" என்றாள் ரப்பர்.

"என்ன?"

"இந்தா, பிடிச்சுப் பாரு."

நெட்டை பிடித்துப் பார்த்தான். எட்டு, பிறகு நாலு, மறுபடி எட்டு. தலையைச் சொறிந்தான். "ஆமா. எட்டுதான் தடியா இருக்கு."

"அவரு கனத்தைப் பார்த்திருக்காரு. கணக்கு கேட்டது அகலத்தை. பிரிச்சா ஒரு கட்டம் எவ்வளவு சின்னதா இருக்கு பாரு."

"இதை எனக்கு யாருமே சொல்லலையே" என்றாள் கண்ணாடி.

"சரி, எழுது. திங்கட்கிழமை பலகையில போட்டுடலாம்" என்றான் நெட்டை.

"வேண்டாம்" என்றாள் ரப்பர். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். "பலகையில போட்டா அவரோட பொண்ணு கூடப் படிக்கிறவங்க எல்லாம் படிப்பாங்க. நீ சிரிச்சியே, அதே மாதிரி சிரிப்பாங்க. எனக்கு ஒரு உறை வேணும் டீச்சர்."

நெட்டை தன் நீளக் காலை உள்ளே இழுத்துக்கொண்டான். "நான் சும்மா சொன்னேன்" என்று முணுமுணுத்தான்.

டீச்சர் ரப்பரைச் சற்று நேரம் பார்த்தார்.  இழுப்பறையைத் திறந்து ஓர் உறையை எடுத்து நீட்டினார்.

ரப்பர் எழுதினாள். அழித்தாள். எழுதினாள். அழித்தாள். மூன்றாம் முறை நின்ற கடிதம் இது:

"எண் முப்பத்தொன்று அவர்களுக்கு வணக்கம். எட்டாக மடித்தால் கனம் அதிகம் என்று நீங்கள் சொன்னது சரி. அதை எங்கள் குழுவில் இரண்டு பேர் தொட்டுப் பார்த்தோம். ஆனால் பாகம் என்பது பிரித்த பிறகு தெரியும் ஒரு கட்டம். நாலாக மடித்த தாளில் கட்டம் பெரிது. எட்டாக மடித்த தாளில் கட்டம் சிறிது. எனவே நாலில் ஒன்றுதான் பெரிது. உங்கள் மகளிடம் தாளை மடித்துக் காட்டுங்கள். அவளுக்கு நேராக மடிக்க வராது. ஓரம் எப்போதும் கொஞ்சம் விலகும். நீங்கள் எதிரே உட்கார்ந்து சொல்லித்தந்தால் நன்றாக இருக்கும்."

டீச்சர் படித்தார். "அவரோட பொண்ணுக்கு மடிக்க வராதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"ஐந்தாம் வகுப்புல யாருக்குமே வராது டீச்சர்" என்றாள் ரப்பர், தரையைப் பார்த்தபடி.

டீச்சர் கையெழுத்துப் போட்டார்.

ரப்பர் தாளை மடித்தாள். இரண்டாக. நாலாக. எட்டாக. அப்பா செய்வதுபோலக் கட்டைவிரல் நகத்தால் ஒவ்வொரு மடிப்பையும் அழுத்தித் தேய்த்தாள். அப்படியும் ஒரு ஓரம் நூல் அளவு விலகித்தான் நின்றது. சரிசெய்யலாமா என்று நினைத்தாள். பிறகு அப்படியே விட்டாள். பிரிக்கும்போது அப்பா அந்த ஓரத்தைத்தான் முதலில் பார்ப்பார். யார் மடித்தது என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

தெரியட்டும்.

உறையின் வாயில் பசை தடவி ஒட்டினாள். மேலே "31" என்று எழுதினாள். இந்த முறை அழிக்கவில்லை. வாசலுக்கு ஓடி, அந்த எண் சீட்டு வாங்கியவரிடம் சேர்த்துவிடச் சொல்லி, வாட்ச்மேன் அண்ணன் கையில் கொடுத்தாள்.