நானூற்றுப் பதின்மூன்றாவது சான்று

காலையில் கடற்சுவர் வாசலில் இருக்கும் ஒளிப்பலகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் சுவரடிக் குழிக்குள் சேறு வார இறங்குவோம். 'சுவர் உறுதி. ஆண்டு நகர்வு இரண்டு மில்லிமீட்டர். சான்றுகள் 412' என்று அதில் ஓடும். சான்று குறைந்தால் வேலை நிற்கும். என் காலத்தில் குறைந்ததே இல்லை.

சான்று என்றால் பெருநூலகத்தில் ஏறிய ஆய்வுக் கட்டுரை. மாணவர்கள் நூலகத்தில் தேடித்தான் எழுத வேண்டும். அது நூலக ஆய்வு. தானே போய் அளந்தால் நேரடி ஆய்வு. அதற்குத் தேறிய சான்றிதழ் வேண்டும். கண்டவனும் அளந்து கண்டதையும் சொன்னதில் ஒருகாலத்தில் ஊரே குழம்பிப்போனதாம். அதனால் இந்தச் சட்டம்.

நான் நாற்பத்தாறு வயதில் எழுத்துக்கூட்டப் பழகி, மாணவனாகச் சேர்ந்தவன். விரல் வைத்துத்தான் வாசிப்பேன். மற்ற மாணவர்கள் கட்டுரையின் முடிவை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். எதை விடலாமென்று எனக்குத் தெரியாது, அடிக்குறிப்பையும் விடவில்லை. ஒரு கட்டுரை இன்னொன்றைக் காட்டியது, அது அதற்கு முந்தியதைக் காட்டியது. ஏழு மாதம் பின்னாலேயே போனேன். நானூற்றுப் பன்னிரண்டும் ஒரே இடத்தில் போய் நின்றன: முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன், இந்தச் சட்டம் வருமுன், ஒரு மாணவி அளந்த அளவு. அதற்குப் பிறகு அளக்க யாரும் சுவர்ப் பக்கம் போகவே இல்லை.

நான் போனேன். மழைக்காலம் முழுக்க மூடிக் கிடந்த தெற்குக் குழியில், பம்புக்கு மசகு போட நான் ஒருவன்தான் இறங்கி ஏறினேன். அங்கே சுவரில் ஒரு விரிசல். முதலில் அதில் நகம் நுழைந்தது. போன வாரம் மணிக்கட்டுவரை கை போனது. மேஸ்திரி துரைக்கண்ணுவிடம் சொன்னேன்.

"பலகை சொல்லுதாய்யா? நீ சொல்ற!" என்றார்.

இன்று பகல் இரண்டு மணிக்கு அந்தக் குழியைத் திறக்கிறார்கள். சேறு வார இறங்கும் ஒன்பது பேரில் என் மனைவி சிட்டம்மாளும் ஒருத்தி. பன்னிரண்டு மணிக்கு எனக்கு வாய்மொழித் தேர்வு. தேறிவிட்டால் அந்த நிமிஷமே என் அளவை ஏற்றலாம், குழி திறக்காது என்று நினைத்தேன். தேற வேண்டுமே என்று கட்டுரையில் இரண்டு மில்லிமீட்டர் என்றே எழுதியிருந்தேன். வீட்டில் மூச்சு விடவில்லை.

தேர்வாளர் இளவழகி அம்மா திரையிலிருந்து தலையைத் தூக்கினார். "நூலக ஆய்வு, நேரடி ஆய்வு, ரெண்டுல எது உசத்தி காத்தவராயன்?"

"நூலகந்தாம்மா. அதுல நானூறு பேர் இருக்காங்க. அளக்குறவன் ஒத்தை ஆளு."

சிரித்துக்கொண்டே பொத்தானை அழுத்தினார். தேறிவிட்டேன்.

"அம்மா, இப்பவே ஒரு நேரடி அளவு ஏத்தணும்."

"தாராளமா. பரிசீலனைக்குத் தொண்ணூறு நாள் ஆகும்."

எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் முகம் வெளுத்தது. "இதை ஏன் கட்டுரையில எழுதல?"

"எழுதியிருந்தா தேற விட்டிருப்பீங்களா?"

திரையை என் பக்கம் திருப்பி, "உங்க கட்டுரை நூலகத்துல ஏறிடுச்சு. இனி என் கையில இல்ல" என்றார்.

ஓடினேன். மூட்டை தூக்கித் தேய்ந்த முட்டி ஓடவிடவில்லை. போய்ச் சேர்ந்தபோது குழியின் இரும்பு மூடி திறந்திருந்தது, யாரும் இன்னும் இறங்கவில்லை. பலகையில் சான்றுகள் 413. கடைசியாக என் பெயர்.

"வாங்க புலவரே!" என்றாள் சிட்டம்மாள். "அந்த நானூறு பேர்ல நம்ம சனம் ஒருத்தரும் இல்ல. இன்னிக்குத்தான் ஒரு பேரு ஏறியிருக்கு. அதான் எல்லாரும் தைரியமா இறங்குறோம்."

"இறங்காதே. நான் எழுதினது பொய்."

"எந்த நூல்ல போட்டிருக்கு?" என்றார் மேஸ்திரி. எல்லோரும் சிரித்தார்கள்.

அவள் கையைப் பிடித்து ஏணியில் நாலு படி இறக்கினேன். விரிசலைக் காட்டி, "உள்ள கையை விட்டுப் பாரு" என்றேன்.

விட்டாள். முழங்கைவரை போனது. வெளியே எடுத்தபோது விரல் நுனியில் கடல்நீர் சொட்டியது. நாக்கில் வைத்துப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"எத்தனை நாளா தெரியும்?"

"ரெண்டு மாசம்."

"தெரிஞ்சே எழுதினியா?"

இருபது வருஷத்தில் அவள் என்னை நீ என்று சொன்னதில்லை.

மேலே ஏறி, நானும் வெளியே வந்ததும் மூடியை இழுத்துச் சாத்தி, அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள். மேஸ்திரி கத்தினார். ஈரக் கையை மற்றவர்கள் பக்கம் நீட்டினாள். ஒவ்வொருவராக வந்து பார்த்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

எனக்கு மட்டும் அவள் இடம் விடவில்லை.