பின்வரிசைக்காரர்கள்

மழை பெய்தே பல நாளாகிவிட்டது. இருந்தும் அரங்கின் கடைசி வரிசையில் ஒரு நாற்காலி மட்டும் நனைந்திருந்தது.

மிலா பக்கானியாவுக்கு அதை முதலில் காட்டிக்கொடுத்தது கண் அல்ல, மூக்கு. தரைக்குப் போடும் மெழுகின் வாசனை, பழைய திரைச்சீலைகளின் தூசி, நாளைய விழாவுக்காக மேடையோரம் குவித்திருந்த லில்லிப் பூக்களின் தித்திப்பு எல்லாவற்றுக்கும் அடியில் டீசலும் உப்பும் கலந்த ஒரு நெடி ஊர்ந்து வந்தது. கையிலிருந்த தாள்களை மேடையில் வைத்துவிட்டு அதைத் தேடிப் பின்னால் நடந்தாள். அங்கே இருந்தவை மடக்கு நாற்காலிகள். ஆள் எழுந்ததும் வில் இழுக்க, இருக்கை தானாக மேலே மடங்கிக்கொள்ளும். வரிசை வரிசையாக எல்லாம் மடங்கி நின்றன. இது ஒன்று மட்டும் விரிந்து கிடந்தது. ஒல்லியான யாரோ உட்கார்ந்திருந்த அகலத்துக்கு அதில் ஈரம். விரலால் தொட்டாள். சில்லென்றிருந்தது. அவள் கையை எடுத்தபின், யோசித்து எழுந்த ஆள்போல, இருக்கை மெல்ல மேலே போயிற்று.

"மனோங், மேல எங்கேயாவது ஒழுகுதா?" என்று கத்தினாள். வயதில் மூத்த ஆணை அந்த ஊரில் 'மனோங்', அண்ணன், என்றுதான் அழைப்பார்கள்.

ஒலிபெருக்கியில் இஸ்கோவின் குரல் வந்தது. மாடிக் கண்ணாடி அறையில் ஒலி பார்ப்பவர் அவர். பல்கலைக்கழகத்தில் அவரைவிடப் பழையது மணிக்கூண்டு மட்டும்தான் என்பார்கள்.

"எது மாம், கூரையா, என் மூக்கா? கூரை போன வருஷம்தான் போட்டாங்க. ஏதாவது ஜோடி உட்கார்ந்து ஜூஸைக் கொட்டியிருக்கும். நீங்க மைக்குக்கு வாங்க. எனக்கு இப்பவே வயிறு கத்துது, அது ரெக்கார்டுல விழுந்துடப் போவுது."

மிலா சிரித்தாள். சிரிப்பு அரங்கில் ஒரு சுற்று சுற்றி, வேறு யாருடையதோபோலத் திரும்பி வந்தது.

பழைய மாணவர்கள் ஊர் திரும்பும் வாரம் மறுநாள் மாலை தொடங்குகிறது. அது எப்போதும் இறந்தவர்களோடுதான் தொடங்கும். அந்த ஆண்டில் போய்ச் சேர்ந்த ஒவ்வொருவரின் வாழ்க்கையையும், என்ன படித்தார், என்ன ஆனார், யாரை விட்டுப் போனார் என்று, மேடையில் நாலைந்து வாக்கியத்தில் வாசிப்பார்கள். கடைசியில் பெயரை அழைத்ததும் அவரோடு படித்தவர்கள் எழுந்து "இருக்காங்க!" என்று பதில் கொடுப்பார்கள். வாசிப்பதும் எழுதுவதும் மிலாவின் வேலை. விதவைகளையும் பிள்ளைகளையும் தொலைபேசியில் அழைத்து, விசும்பலுக்கு நடுவே விழும் அரைச் சொற்களைப் பொறுக்கி முழு வாழ்க்கையாகத் தைத்துவிடுவாள். அவள் எழுதினால் செத்தவர் ஒரு சாண் வளர்ந்துவிடுவார் என்பது ஊர்ப் பேச்சு.

ஒத்திகை தொடங்கியது. ரியாத்தில் தாதியாக உழைத்துத் தம்பிகள் எல்லாரையும் கரையேற்றிய பெண். கரும்பு நோய்க்கு மருந்து தேடியே கண் மங்கிப்போன பேராசிரியர். மலைக் கிராமத்தில் பள்ளி கட்டிய தம்பதி. அரங்கம் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

அடுத்த தாள் கேப்டன் தெயோபிலோ அபாத்.

"மாலுமிக் கல்லூரியின் பெருமை. பெருங்காற்றில் அவருடைய பயணிகள் கப்பல் மூழ்கியபோது, கடைசிப் பயணி இறங்கும்வரை..."

டக்.

பின்னால் ஒரு நாற்காலி விரிந்தது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பின்வரிசைகளில் விளக்கு இல்லை. பால்கனியின் நிழல் தார்ப்பாய்போல அங்கே விழுந்து கிடந்தது.

"கடைசிப் பயணி இறங்கும்வரை மேல்தளத்தை விட்டு அகலாமல்..."

டக். டக். டக்.

"மாம்," ஒலிபெருக்கியில் இஸ்கோ. அவர் குரலில் இப்போது விளையாட்டு இல்லை. "உங்க பின்னாடி யாராவது நிக்கிறாங்களா?"

"இல்லையே. ஏன்?"

"ஹெட்போன்ல யாரோ மூச்சுக்குத் திணறுற மாதிரி இருக்கு. ஒருத்தர் இல்ல மாம். நிறையப் பேரு."

அவள் தாளைக் கவிழ்த்து வைத்தாள். நாற்காலிகள், ஒன்றன்பின் ஒன்றாக, மடங்கிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

அந்த வாக்கியத்தை கேப்டனின் மனைவி சொல்லச் சொல்ல எழுதியவள் மிலாதான். அது பொய் என்பதும் அவளுக்குத் தெரியும். போன வாரம் ஒரு மீன்காரி அலுவலகம் தேடி வந்திருந்தாள், பசிலியா என்று பெயர். செதில் காய்ந்து ஒட்டிய கைகளை மடியில் மறைத்துக்கொண்டு நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"ரேடியோவுல சொன்னாங்க மிஸ், கேப்டனுக்கு இங்க பூ போடப்போறாங்கன்னு. கப்பல் முழுகினப்போ அவரு முதல் படகுலயே பெட்டியோட இறங்கிட்டாரு. என் மச்சான் அதே படகுல இருந்தான், அவன் பார்த்தான். விசாரணையில அவன் சொன்னதை யாரும் எழுதிக்கல. என் பொண்ணு லேனி மே கீழ்த்தளத்துல இருந்தா. உங்க காலேஜ் நுழைவுத் தேர்வு எழுதத்தான் வந்தா மிஸ். உடம்புகூட கிடைக்கல."

மிலா தண்ணீர்க் குவளையை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"அவரைப் பத்தி நீங்க என்ன வேணாலும் சொல்லிக்குங்க. என் பொண்ணு பேரை மட்டும் ஒரு தடவை அந்த மைக்குல சொல்லுங்க. அது போதும்."

"நாங் பசிலியா," அக்கா என்னும் மரியாதைச் சொல்லோடு மிலா மிக மென்மையாகத்தான் சொன்னாள், "இது இங்க படிச்சு முடிச்சவங்களுக்கு மட்டுமான விழா. உங்க பொண்ணு இங்க படிக்கலையே."

பசிலியா கோபப்படவில்லை. "ஆமா. சேரத்தானே வந்தா," என்று சொல்லி எழுந்து போய்விட்டாள்.

ஒத்திகை முடிந்த கையோடு மிலா பழைய மாணவர் அலுவலகத்தின் இயக்குநர் டாக்டர் எப்ரோவின் அறைக்குப் போனாள். அவர் விருந்தினர்களுக்கான மாலைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

"டாக்டர், கேப்டனோட அந்த ஒரு வரியை எடுத்துடலாமா?"

"ஏன்? புதுக் கட்டடத்துக்கு அவர் பேரைத்தான் வைக்கப் போறோம். அவங்க குடும்பம் மொத்தமும் முதல் வரிசையில உட்கார்ந்திருக்கும்."

"அது உண்மையில்லைன்னு நினைக்கிறேன்."

எப்ரோ கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். பொல்லாதவர் அல்ல. களைத்துப்போனவர். "நாம கோர்ட் இல்ல, மிலா. நாம மாலை போடுறவங்க. போய்த் தூங்கு. முகம் எப்படி வெளிறிப் போயிருக்கு பாரு."

மறுநாள் வெயில் தாழும் நேரத்தில் அரங்கம் நிரம்பத் தொடங்கியது. வெளிநாட்டு வாசனைத் திரவியங்கள், பொரித்த பன்றித்தோலின் மணம், ஒருவர் முதுகை ஒருவர் தட்டிச் சிரிக்கும் ஓசை.

"அடேய், உன்னையும் இந்த வருஷம் வாசிக்கப் போறாங்கன்னுல்ல நினைச்சேன்!"

"உனக்கு 'இருக்காங்க' சொல்லாம நான் எங்கேயும் போகமாட்டேன்டா!"

மேடை ஓரத்தில் நின்றிருந்த மிலாவுக்கு அந்தச் சத்தங்கள் ஆறுதலாக இருந்தன. இத்தனை உயிருள்ளவர்கள் இருக்கும் இடத்தில் என்ன வந்துவிடும்? வந்தவர்கள் எல்லாரும் முன்பாதியிலேயே அடங்கிவிட்டார்கள். பின்பாதி காலி. முதல் வரிசையில் கேப்டனின் மனைவி கொன்சிங், கறுப்புப் பட்டில், முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தார்.

விளக்குகள் தணிந்தன. மெழுகுவத்திகள் ஏற்றப்பட்டன. மிலா வாசித்தாள். தாதியின் பெயரை அழைத்ததும் நரைத்த பெண்கள் சிலர் எழுந்து "இருக்காங்க!" என்றார்கள். பேராசிரியருக்கும் பதில் வந்தது. மலைப் பள்ளித் தம்பதிக்கும் வந்தது. ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு மணி அடித்து ஓய்ந்தது. அவள் தாளைப் புரட்டினாள்.

தாள் ஈரமாக இருந்தது.

நெடி வந்தது. டீசல், உப்பு, கூடவே நெடுநாள் மூடிக் கிடந்த அறையின் பூஞ்சை. முன்வரிசையில் யாரும் மூக்கைச் சுளிக்கவில்லை.

"கேப்டன் தெயோபிலோ அபாத். மாலுமிக் கல்லூரியின் பெருமை."

டக்.

ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"பெருங்காற்றில் அவருடைய கப்பல் மூழ்கியபோது..."

டக். டக். டக். டக். கடைசி வரிசை முழுதும் விரிந்தது. அதற்கு முந்தைய வரிசை. அதற்கும் முந்தையது. இருட்டு முன்னால் நகர்ந்து வந்தது. அந்த இருட்டுக்குத் தலைகள் இருந்தன. தோள்கள் இருந்தன. அசையவில்லை. கேட்டுக்கொண்டிருந்தன.

அடுத்த வரி அவள் கண்முன் இருந்தது. கடைசிப் பயணி இறங்கும்வரை. வாயைத் திறந்தாள். நாக்கில் உப்பு. தொண்டைக்குள் ஏதோ குளிர்ந்து ஏறியது. சொற்களை உந்தினாள். வரவில்லை. மூச்சும் வரவில்லை. மைக்கின் தண்டைப் பிடித்துக்கொண்டாள். கொன்சிங் தலையைச் சற்றுச் சாய்த்துப் பார்த்தார். மேடை ஓரத்திலிருந்து எப்ரோ, படி, படி என்று கையால் சைகை காட்டினார்.

பின்னால் ஒருத்தி எழுந்தாள். ஒல்லியான உருவம். தோளில் ஒட்டிய கூந்தல்.

மிலா தாளை விட்டுவிட்டாள்.

"லேனி மே," என்றாள். மூச்சு வந்தது. "லேனி மே. கீழ்த்தளத்துல இருந்தா. இங்க படிக்க வந்தா. கேப்டன் முதல் படகுல போயிட்டார். அவ போகல."

கொன்சிங்கின் கையிலிருந்த மெழுகுவத்தி கீழே விழுந்தது. அவர் பாதி எழுந்து, ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"இருக்கேன்."

சன்னமான குரல். சொல்லுக்கு முன்னும் பின்னும் தண்ணீர் கொப்பளித்தது. இந்த முறை எல்லாருக்கும் கேட்டது. முன்பாதியில் இருந்த அத்தனை தலைகளும் ஒன்றாகத் திரும்பின. யாரோ அலறினார். யாரோ செபிக்கத் தொடங்கினார். ஓட ஒருவருக்கும் வழியில்லை. நடைபாதையும் ஈர உருவங்களால் நிறைந்திருந்தது.

இருக்கைகள் மடங்கும் சத்தம் ஆலங்கட்டி மழைபோல விழுந்தது. அவர்கள் எழுந்துவிட்டார்கள். எல்லாரும். கப்பலோடு மூழ்கியவர்களில் லேனி மேய்க்கு மட்டும் பெயர் கிடைத்துவிட்டது. மற்றவர்களுக்கு இன்னும் கிடைக்கவில்லை. ஒருவர் பின் ஒருவராக, முண்டாமல், பொறுமையாக, மேடைப் படியேறி மைக்கை நோக்கி வந்தார்கள். குழந்தையை இடுப்பில் வைத்த தாய். ஒற்றைச் செருப்போடு ஒரு கிழவர். உயிர்காக்கும் சட்டையின் கயிறு கழுத்தில் முறுக்கிக்கொண்ட ஓர் ஆள்.

"உங்க பேரு," என்று மிலா அழுதாள். "எனக்குத் தெரியாது. யாரோட பேரும் எனக்குத் தெரியாது."

அந்தத் தாய் அவளருகே குனிந்தாள். பெயரைச் சொல்வதற்காகக் காதோரம் வாயைக் கொண்டுவந்தாள். உதடுகள் அசைந்தன. வந்தது கடல்நீர் மட்டும்தான். மிலாவின் தோளில் வழிந்தது, மைக்கில் வழிந்தது, மேடையில் பரவியது. தாய் மறுபடி முயன்றாள். மறுபடியும் நீர். அவள் நகரவில்லை. அவளுக்குப் பின்னால் கிழவர் காத்திருந்தார், அவருக்குப் பின்னால் இன்னும் பலர். அரங்கின் கதவு திறந்திருந்தது. அதற்கப்பால், புல்வெளியைத் தாண்டி, கடற்சாலையைத் தாண்டி, இருட்டிய நீருக்குள் இறங்கும்வரை வரிசை நின்றது. அந்த முனையில் ஆட்கள் இன்னும் ஏறி வந்துகொண்டிருந்தார்கள்.