மலை எந்தக் கைப் பக்கம்?

"எம் பொண்ணு கல்லெறியலைங்க! சாயந்திரத்துக்குள்ள ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டு வரச் சொல்றாங்க. கேஸ் விழுந்தா சட்டக் கல்லூரிப் படிப்பே போச்சு."

பொன்னி அழுதேவிட்டாள். மகள் சிந்துஜா இடது கையைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டு நின்றாள். துப்பறிவாளர் அருணாதேவி பதறுகிற ஆளே இல்லை. அவருக்கும் சேர்த்துப் பதறத்தான் ஆட்டோக்காரர் காசி இருந்தார். சவாரி ஏற்ற வந்து, துப்பறியும் பைத்தியம் பிடித்து அவர் அலுவலகத்திலேயே தங்கிவிட்ட மனுஷன்.

ஞாயிற்றுக்கிழமை கிரிவலப் பாதையில் ஏரி ஆக்கிரமிப்பை எதிர்த்து மாணவர்கள் மறியல் செய்தார்கள். கல் பறந்தது, தடியடியும் நடந்தது. 'மலைமின்னல்' என்ற இணையச் செய்தித் தளம் போட்ட வீடியோவில், முகத்தை மூடிய ஒரு பெண் இடது கையால் கல்லெறிந்தாள். "காட்டிக்கொடுத்த இடது கை!" என்று தலைப்பு. அந்தக் கூட்டத்தில் இடது கைக்காரி சிந்துஜா ஒருத்திதான். பாவிகள், ஒரு வார்த்தை விசாரிக்காமல் பெயரையும் போட்டுவிட்டார்கள்.

அருணாதேவி வீடியோவை மூன்று முறை பார்த்தார். "காசி, பின்னால என்ன தெரியுது?"

"மலை. கிரிவலம் போறவங்க பத்துப் பேர். கடைப் பலகைங்களை எல்லாம் மங்கலாக்கி வெச்சிருக்காங்கம்மா."

"நடக்கிறவங்களுக்கு மலை எந்தக் கைப் பக்கம்?"

காசி எழுந்து, அவர்களைப் போலவே திரும்பி நின்று பார்த்தார். "இடது கைப் பக்கம்... ஐயையோ!"

மாதாமாதம் பௌர்ணமிக்கு நடக்கிறவர். மலையை வலது கைப் பக்கம் வைத்துத்தானே ஊரே சுற்றுகிறது! தலையில் அடித்துக்கொண்டார்.

"பத்துப் பேருமா மாத்திச் சுத்துவாங்க? வீடியோவைத்தான் கண்ணாடியில பார்க்கிற மாதிரி திருப்பியிருக்காங்க. அடுத்தவங்க வீடியோவைச் சுட்டுப் போடறவங்க மாட்டிக்காம இருக்கச் செய்யற வேலை இது. எழுத்தும் திரும்பிடுமேனு பலகையை மறைச்சாங்க. கல்லெறிஞ்சது வலது கை," என்றார் அருணாதேவி. பிறகு சிந்துஜாவிடம் கேட்டார்: "அங்க வேற யாரு படம் எடுத்தாங்க?"

"கீழ்பென்னாத்தூர் கீதாஞ்சலி அக்கா. போன்லயே சேனல் நடத்தறாங்க."

காசி ஆட்டோவை விரட்டினார்.

மாலையில் ஸ்டேஷனில் கீதாஞ்சலியின் அசல் வீடியோ ஓடியது. வலது கையால் கல்லெறிகிறாள் ஒருத்தி. அதே நொடியில், ஓரத்தில், முகம் பளிச்சென்று தெரிய, சிந்துஜா தோழிகளைப் பின்னால் இழுத்துக்கொண்டிருந்தாள். கல்லுக்கு முன்பே தடி விழுந்ததும் அதில் இருந்தது. அந்த இடம் வந்ததும் இன்ஸ்பெக்டர் திருமலை தொண்டையைச் செருமினார்.

"அவங்க சேனல் பேரை மறைக்கத்தான் ஓரத்தை வெட்டினேன்," என்று முனகினான், ஸ்டேஷனுக்கு வரவழைக்கப்பட்டிருந்த மலைமின்னல் ஆசிரியர் பிரகாஷ்.

"நீ வெட்டின ஓரத்துலதான்பா இந்தப் பொண்ணு நின்னா," என்றார் அருணாதேவி.

இன்ஸ்பெக்டர் புகாரிலிருந்து சிந்துஜாவின் பெயரை நீக்கச் சொன்னார். காசிக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

வெளியே டீக்கடையில் டம்ளரை நீட்டினார்கள். சிந்துஜா பழக்கமில்லாத வலது கையைத் தடுமாறி நீட்டினாள். சின்ன வயதிலிருந்து அந்த இடது கையைத் தட்டித் தட்டித் திட்டியவள் பொன்னி. இன்று அவளே மகளின் துப்பட்டாவை விலக்கினாள்.

"உன் கையாலேயே வாங்கும்மா," என்றாள்.